மட்டையைக் கடைசியில் வாங்குவோம்

பள்ளி விட்டு வந்த பிள்ளை, "சாப்ட்பால் குழுவில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள், பேட் வாங்கித் தரவேண்டும்" என்று சொன்னால், சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் நம் தமிழ்ப் பெற்றோருக்குச் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும். கிரிக்கெட் நமக்கே தெரியும். கபடி தாத்தாவுக்கும் தெரியும். சாப்ட்பாலும் அதற்கு மூத்ததான பேஸ்பாலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் இடம்பெற்ற ஆட்டங்கள்தாம். இந்திய சாப்ட்பால் சங்கம் 1961-லேயே தொடங்கப்பட்டது. ஆனாலும் நம் வீடுகளில் இதை ஆடியவர்கள் அரிது. எனவே கடைக்காரர் சொல்வதையே வேதவாக்காகக் கொண்டு, அவர் முதலில் எடுத்துக் காட்டும் பளபளப்பான அலுமினிய மட்டைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பிள்ளைக்கு உண்மையில் தேவையானவை அந்தக் கடையிலேயே தங்கிவிடுகின்றன.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1887-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ஒரு கூடத்துக்குள்ளே குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, கம்பால் அடித்து விளையாடிய விளையாட்டிலிருந்து வளர்ந்ததுதான் சாப்ட்பால். அன்றைய பந்து மென்மையானது. இன்றைய பந்து அப்படியன்று. சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம் வரை. பேஸ்பால் பந்தோ 9 அங்குலச் சுற்றளவும் 145 கிராம் அளவு எடையும் கொண்டது. இரண்டுமே கெட்டியானவை. "சாப்ட்" என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடும் வெறுந்தலையோடும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாகாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக இருக்க வேண்டிய பொருள் கையுறை. அது கை அளவுக்கேற்பப் பழகி, ஒருவர் கைக்கே இணங்கி வருவது. பத்து வயதுக்குட்பட்டவருக்கு 10 அல்லது 11 அங்குலம் போதும். அதற்கு மேற்பட்டவருக்கு 11½ முதல் 12 அங்குலம். "வளரும் பிள்ளைதானே" என்று செருப்பு வாங்குவதுபோல் பெரியதாக வாங்கினால் பந்து உள்ளே வந்தாலும் கையுறை மூடாது. இன்னொன்று: பந்தை எறியாத கையில்தான் கையுறை அணிய வேண்டும். வலக்கையால் எறியும் பிள்ளைக்கு இடக்கைக் கையுறை. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையானால் கடையில் அதற்கானது இல்லாமற்போகக்கூடும். அதற்காக மாற்றுக் கையில் பழக்கிவிடாமல் சொல்லிவைத்து வாங்குங்கள்.

புதுக் கையுறை விறைப்பாக இருக்கும். சிறிது வாசலைன் தடவி, நடுவில் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி இரவு முழுவதும் வைத்தால் சில நாட்களில் குழி பதியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். ஈரத்தோடு பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் வார் அறுந்தால் கையுறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் வேறு வார் கோத்துத் தந்துவிடுவார். இராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க, நம் ஊரில் தோல் வாருக்கா பஞ்சம்!

அடுத்தது தலைக்கவசம். இரு காதுகளையும் மூடுவதாகவும் முகத்துக்குக் கம்பி உள்ளதாகவும் இருப்பது நல்லது. 1920-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஓர் ஆட்டத்தில் ரே சாப்மன் என்ற கிளீவ்லாண்ட் ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு மறுநாளே இறந்தார். அப்படியிருந்தும் அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் தலைக்கவசம் கட்டாயமானது 1971-இல்தான். நாம் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பத்துப் பிள்ளைகள் உள்ள குழுவுக்கு வெவ்வேறு அளவுகளில் நான்கு கவசங்கள் போதும். மட்டை பிடிப்பவரும் ஓட்டத்தில் இருப்பவர்களும் மாற்றி மாற்றி அணியலாம். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சருக்கு முகமூடி, மார்புக் கவசம், முழங்காலையும் கணுக்காலையும் காக்கும் கவசம் ஆகியவை தனியே வேண்டும். பையன்களுக்கு இடுப்புக் காப்பும் வேண்டும். இவற்றைப் பெற்றோர் பங்கிட்டு ஒரு தொகுப்பாக வாங்குவதே சிக்கனம். கவசம் வந்து சேரும்வரை வீசும் பந்தை அடிக்கும் பயிற்சி வேண்டாம். பிளாஸ்டிக் குழாயின் மேல் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி நிறுத்தி, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கப் பழக்கலாம். டென்னிஸ் பந்தே போதும்.

மட்டை ஏன் கடைசி? ஒரே மட்டையால் ஒன்பது பேரும் அடிக்கலாம், கையுறையை அப்படிப் பங்கிட முடியாது. மேலும் பிள்ளையின் உயரமும் வலுவும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. வாங்கத்தான் வேண்டுமென்றால், பிள்ளையை ஒரு கையால் மட்டையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் கை தாழ்ந்தால் அது அவனுக்குக் கனம். இப்பொருள்கள் பலவும் மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்யப்படுகின்றன. சென்னைக்குப் போகிறவர்கள் நேரு விளையாட்டரங்கையொட்டிய பெரியமேட்டுக் கடைகளில் பிள்ளையையும் கூட்டிச்சென்று போட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம்.

மைதானம் அமைக்க அதிகம் வேண்டாம். 120 அடிக் கயிறு ஒன்று, நடுவில் முடிச்சு. ஹோம் பிளேட்டிலிருந்து நேரே 84 அடி 10 அங்குலம் அளந்து இரண்டாம் பேஸுக்கு ஒரு முளை அடியுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் இவ்விரு இடங்களில் பிடித்துக்கொண்டு முடிச்சை வலப்பக்கம் இறுக இழுத்தால் அது நிற்கும் இடம் முதல் பேஸ். இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். பக்கத்துக்கு 60 அடியாகச் சதுரம் தானே அமைந்துவிடும். பிதாகரஸ் தேற்றத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக விளக்க முடியுமா என்ன? பந்து வீசுமிடம் ஹோம் பிளேட்டிலிருந்து சிறு பெண்களுக்கு 35 அடி, 12 வயதளவில் 40 அடி, வளர்ந்த பெண்களுக்கு 43 அடி.

பயிற்சியில் முதல் இரு வாரங்கள் எறிவதும் பிடிப்பதும்தான். பந்தை உள்ளங்கையில் அமுக்காமல் விரல்களால் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, எறியும் கைக்கு எதிர்க்காலை முன்வைத்து எறிய வேண்டும். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்குக் கையுறையின் விரல்கள் மேல்நோக்கியும், கீழே வருவதற்குக் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் இதில் விரைவில் தேறுவார்கள். அவர்களுக்குச் சிரமம் மட்டையை வைத்துத்தான். அடித்த பிறகும் நின்று பார்ப்பார்கள். இங்கே பந்து எல்லைக்கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது பின்னால் வீசி எறிவார்கள். அங்கேதான் கேட்சர் குந்தியிருக்கிறார். மட்டையை நழுவவிட்டு ஓடுவதைத் தனிப்பாடமாகவே பத்து முறை செய்ய வையுங்கள்.

நம் ஊர்களுக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. உயரே எழும்பிய பந்துக்கு இருவர் ஓடும்போது "எனக்கு!" என்று ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் விலக வேண்டும். தமிழ்ப் பிள்ளை "என்னுது" என்கிறான், தெலுங்குப் பிள்ளை "நாதி" என்கிறான்; இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். எந்தச் சொல்லானாலும் குழுவுக்கு ஒரே சொல் என்று முதல்நாளே முடிவு செய்துவிடுங்கள். "நாதி" என்றே வைத்துக்கொண்டாலும் நமக்குக் குறையொன்றுமில்லை. நாதியற்ற பந்து என்று ஒன்று மைதானத்தில் இல்லாமற்போகும், அவ்வளவுதான்!

இனி, பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டியது பிள்ளையின் முழங்கை. 2008-இல் நம் நாட்டில் வேகமாகப் பந்தெறிபவரைத் தேடி ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. பேஸ்பாலை அறியாத, ஈட்டி எறிந்து பழகிய உத்தரப்பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் அதில் தேறி, அவ்வாண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஒப்பந்தம் பெற்றார்கள். பின்னர் ரிங்கு காயங்களால் ஆடமுடியாமல் பல பருவங்களை இழந்து, 2018-இல் மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார். வளர்ந்த ஆளின் கைக்கே அந்தக் கதி என்றால், எலும்பு முனைகள் இன்னும் முற்றாத பன்னிரண்டு வயதுக் கை என்ன பாடுபடும்?

அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு 2007-இலிருந்து பேஸ்பாலில் பந்துகளையே எண்ணுகிறது. ஒரு நாளில் 7, 8 வயதுக்கு 50 பந்துகள். 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயது வரையுள்ளவர் ஒரே நாளில் 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் வீசக்கூடாது. 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள் ஓய்வு. 41 பந்துகள் வீசியவர் அன்று கேட்சராகவும் நிற்கக்கூடாது. கேட்சரும் ஓயாமல் எறிந்துகொண்டேயிருப்பவர் அல்லவா? சாப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் வலிக்காது என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். தோள் களைக்கவே செய்யும். அங்கும் எண்ணிக்கை வைத்துக்கொள்வது நல்லது.

கோடை முகாமாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். திருப்பதி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்கள் அவை. உப்பிட்ட மோர் ஒரு குடம் மைதானத்தில் இருக்கட்டும். பயிற்றுநர் ஒருவரே அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு பந்தையும் எண்ண முடியாது. பிள்ளையை அழைத்துப்போகக் காத்திருக்கும் தாயோ தந்தையோ ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், தேதி, வீசிய பந்துகள் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதலாம். "கை வலிக்கிறது" என்று பிள்ளை சொன்ன நாளையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வலி இரண்டாம் முறை வந்தால் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள்.