கதிரவன் ஊட்டும் உயிர்ச்சத்து

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரேனும் கூறினால் நகைப்போம். வைகையில் நீர் ஓடாத மாதங்கள் உண்டு. வெயில் காயாத மாதம் இல்லை. ஆயினும் வெயிலால் நம் உடலில் உண்டாக வேண்டிய ஓர் உயிர்ச்சத்து, வெயில் மிகுந்த தென்னாட்டிலேயே பலரிடம் குறைவாக உள்ளது. அதுவே வைட்டமின் 'டி'. மீனும் முட்டையும் காளானும் விலக்கிய சாவகர் இல்லங்களில் இச்சத்தைப் பெறும் வழிகள் சிலவே. ஆதலின் பிறரைவிட நாம் இதனைக் கருத்துடன் கற்றல் வேண்டும்.

1. சத்தும் அதன் பணியும்

பெரும்பாலான உயிர்ச்சத்துகளை உணவே தருகின்றது. இதனையோ நம் தோலே ஆக்கிக்கொள்கின்றது. கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களுள் ஒரு வகை தோலில் படும்போது, அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று மாற்றமடைந்து இச்சத்தாகின்றது. பின்னர்க் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் மாறிச் செயற்படும் நிலையை எய்துகின்றது.

உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளத் துணைபுரிவதே இதன் தலையாய பணி. இச்சத்துப் போதிய அளவு இருப்பின், உண்ட சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு உடலில் சேரும். குறைந்தால் 10 முதல் 15 பங்கே சேரும். பாலும் தயிரும் நாள்தோறும் உண்டும் எலும்பு நலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளிடம் இக்குறை மிகுந்தால் கால் எலும்புகள் வளையும். அதனை ரிக்கெட்ஸ் என்பர். பெரியோரிடம் எலும்பு மென்மையுறும்; தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழக்கும். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாமை, படியேறுங்கால் தளர்ச்சி ஆகியவற்றை 'வயதானால் அப்படித்தான்' என்று நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகின்றோம். அவற்றுட் சில, தீர்க்கத்தக்க இக்குறையால் வருவன.

1919ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தைகள்மீது புற ஊதா விளக்கின் ஒளியைப் படச்செய்து நோயைத் தணித்துக் காட்டினார். ஒளிக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு அதனால் தெளிவாயிற்று.

2. வெயில் இருந்தும் குறை ஏன்?

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், மாதவிடாய் நின்ற 150 பெண்களை ஆய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். அவருள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இச்சத்துப் போதவில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்பு அடர்த்தி மிகக் குறைந்திருந்தது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளில், நகரத்தாரைவிட வயலில் உழைக்கும் சிற்றூர் மக்களிடம் இச்சத்துக் கூடுதலாகக் காணப்பட்டது. வெயில் இருவர்க்கும் ஒன்றே. அது தோலில் படுகின்றதா என்பதே வேறுபாடு.

நம் மதுரையையே நோக்குவோம். மாசி வீதிகளின் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. அரிசி புடைத்தலும் வற்றல் காயவைத்தலும் வெயிலில் நடந்தன. இன்று அடுக்குமாடி இல்லம், மூடிய பேருந்து, அலுவலக அறை என நாள் கழிகின்றது. சன்னலருகே அமர்ந்தாலும் பயனில்லை. கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும். கருமை மிகுந்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. எழுபது வயதினரின் தோல், இளையோர் தோல் ஆக்கும் அளவில் பாதியைக்கூட ஆக்குவதில்லை. ஆகவே எம்மை ஒத்த மூத்தோர்க்கே எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

3. நிழல் காட்டும் நேரம்

காலை ஏழு மணி இளவெயிலே இச்சத்தைத் தரும் என்பது பரவலான நம்பிக்கை. இளவெயில் உடலுக்கு இதமானதே. ஆயினும் அதில் நமக்கு வேண்டிய கதிர்கள் மிகக் குறைவு. கதிரவன் தாழ்ந்திருக்கையில் அக்கதிர்களைக் காற்று மண்டலமே பெரிதும் வடிகட்டிவிடும். முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரை இச்சத்து நன்கு உண்டாவதைத் திருப்பதி ஆய்வாளர் கண்டனர்.

நேரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் அது தக்க நேரம், நீண்டிருந்தால் அன்று. பிள்ளைகளைக் கொண்டு மொட்டை மாடியில் ஒரு கோலை நட்டு, மணிக்கு ஒருமுறை நிழலை அளந்து எழுதச் செய்யலாம். மதுரை ஏறத்தாழ 10 பாகை வடஅகலக்கோட்டில் உள்ளது. ஆதலால் மார்கழியிலும் இங்கே நண்பகல் நிழல் நம்மைவிடக் குறுகியதே. இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்காலம் முழுதும் இவ்வாய்ப்பு இல்லை.

முகம், முன்கைகள், பாதங்கள் வெயில்பட 15 முதல் 30 நிமிடம், வாரத்தில் சில நாள்கள் இருத்தல் பொதுவாக நன்று. சித்திரை, வைகாசியில் நண்பகலைத் தவிர்த்துப் பத்து மணியளவில் சிறிது நேரம் போதும். தோல் காந்தும் முன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். தோல் நோயுடையோரும் தளர்ந்த முதியோரும் மருத்துவரைக் கேட்டே செய்க.

4. உணவும் மருந்தும்

நாம் உண்ணும் பொருள்களில் இச்சத்து இயல்பாக மிகக் குறைவு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி இச்சத்துச் சேர்த்த பாலும் சமையல் எண்ணெயும் விற்கப்படுகின்றன. உறையில் 'எஃப்' எழுத்தும் கூட்டற்குறியும் காணலாம். சுண்ணாம்புச் சத்துக்குப் பால், தயிர், எள், கீரை ஆகியவற்றுடன் கேழ்வரகும் துணை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது.

மருந்து வேண்டியவர்க்கு ஓர் ஐயம் எழும். 'டி3' வகை பெரும்பாலும் ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுகின்றது. மருந்துக் கூடு பலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின் உள்ளது. கற்பாசியிலிருந்து எடுக்கும் 'டி3' வகையும் கிடைக்கின்றது. கூட்டைக் கண்டு மனம் கூசி, மருத்துவரிடமும் கூறாமல் மருந்தை ஒதுக்கிவைக்கும் மூதாட்டியர் உளர். அது வேண்டா. நம் நெறியை அவரிடம் எடுத்துரைத்தால் மாற்று வகையைக் காட்டுவார்.

5. அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியோர்க்கு நாளொன்றுக்கு 600 அலகு போதும். மருத்துவர் எழுதித்தரும் 60,000 அலகு மருந்து பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கு உரியது. அதனை நாள்தோறும் உண்டால் குருதியில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து வாந்தியும் மனக்குழப்பமும் சிறுநீரகக் கேடும் நேரும். சீட்டைப் பெரியோர்க்குப் படித்துக் காட்டுவது வீட்டுப் பிள்ளைகளின் கடமை.

இச்சத்து எல்லா நோயையும் தீர்க்கும் என்னும் விளம்பரமும் மெய்யன்று. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட பேராய்வில், இம்மருந்து புற்றுநோயையோ நெஞ்சகநோயையோ வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. குறை உள்ளவர்க்கே மருந்து. மற்றவர்க்கு அளவான வெயிலும் உணவும் போதும்.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நாம், அவனைப் பார்த்தே நாளை வகுக்கப் பழகியவர்கள். முற்பகலில் அரைமணி நேரத்தையும் அவ்வொழுங்கில் சேர்த்துக்கொள்வது நமக்கு அரிதன்று.

இல்லத்தார் கூடி விடைகாண வேண்டிய வினாக்கள்:

1. இளவெயிலில் இச்சத்துக் குறைவாக உண்டாவது ஏன்?
2. நம் வீட்டு மாடியில் எம்மணி முதல் எம்மணி வரை நிழல் நம்மினும் குறுகியுள்ளது?
3. இவ்வாரம் வெயிலே படாதவர் நம் வீட்டில் யார்?
4. வீட்டுப் பெரியோர் உண்ணும் மருந்து நாளைக்கு ஒன்றா, வாரத்திற்கு ஒன்றா?