பழைய டீசல் எஞ்சினை டிராக்டரில் பொருத்துதல்

1945-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்ட்ஸன் மேஜர் ஈ27என் டிராக்டர் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளால் ஓடிற்று. 1948 முதல் அதற்குப் பெர்க்கின்ஸ் பி6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும் வழங்கப்பட்டது. ஆகவே எஞ்சினை மாற்றுதல் இயலாத காரியமன்று. ஆயினும் சங்கத்தின் பணத்தைச் செலவிடுமுன் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, அமுக்கம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. ஆதலால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த எஞ்சின் எளிதில் கிளம்பாது. மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதில் நீர் கலந்துள்ளதென அறிக.

இரண்டாவது, இணைப்பு. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்க்கும் தகட்டைக் கடைசல் யந்திரத்தில் துல்லியமாகச் செய்விக்க வேண்டும். இரு தண்டுகளும் ஒரே கோட்டில் நில்லாவிடில் கிளச்சும் பேரிங்குகளும் விரைவில் கெடும்.

மூன்றாவது, பலம். புதிய எஞ்சினின் பலம் மிகுதியாயின் பழைய கியர்கள் தாங்கமாட்டா. சுழற்சி வேகத்தைக் கவர்னரால் வரையறுத்தல் வேண்டும்.

நான்காவது, எண்ணெய்க் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றிய பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

மலிவென்று வாங்கிய எஞ்சின், பொருத்தும் கூலியால் விலை மிக்கதாகிவிடலாம். ஆதலின் முதலில் அளந்து, செலவைக் கணக்கிட்டு, அதன் பின்னரே வாங்குக.