மீன் தொட்டியைத் துப்புரவு செய்வோர் அறிய வேண்டியவை

விரலிலோ புறங்கையிலோ வாரக்கணக்கில் ஆறாத புண்ணுடன் வருவோரிடம் நாங்கள் கேட்கும் ஒரு கேள்வி சிலருக்கு வியப்பளிக்கும்: "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா?" தொட்டியைக் கழுவி ஒரு மாதம் ஆகியிருக்கும், பலர் அதை மறந்தே போயிருப்பர். அக்கேள்விக்கான காரணத்தையும், தொட்டியின் மோட்டாரையும் குழாய்களையும் வீட்டுப் பொருள்களைக் கொண்டே தீங்கின்றித் துப்புரவு செய்யும் முறையையும் இங்கு விளக்குகிறோம்.

நீரில் வாழும் கிருமி

மைக்கோபாக்டீரியம் மரினம் என்பது காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். 1926ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து இது முதன்முதலில் பிரித்தறியப்பட்டது. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்வதால், உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த கைவிரல்களையே பெரிதும் பற்றுகிறது. சிறு கீறல், வெடிப்பு, நகக்கண் புண் ஆகியவையே இதன் வாயில்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் சிவந்த கட்டி தோன்றும். சிலருக்குக் கட்டிகள் கையின் வழியே மேல்நோக்கி வரிசையாக எழும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. எனினும், குணமடையப் பல மாதங்கள் மருந்து உட்கொள்ள நேரும்.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோர், முடக்குவாதம் முதலியவற்றுக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் ஆகியோருக்கு இத்தொற்று ஆழமாகப் பரவக்கூடும். அவர்கள் மீன்களைக் கண்டு மகிழத் தடையில்லை. தொட்டிக்குள் கைவிடும் பணியை மட்டும் வீட்டிலுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

துப்புரவு முறை

1. மின் இணைப்பைத் துண்டித்துச் செருகியையும் எடுத்துவிடுங்கள். நீர்சூடேற்றி இருப்பின், அது ஆறும்வரை நீருக்குள்ளேயே விட்டு, பின்னர் வெளியே எடுங்கள்.

2. முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை அணியுங்கள். குழாயை வாயால் உறிஞ்சி நீரை இறக்காதீர்கள். சமையலறைத் தொட்டியைத் தவிர்த்து, இதற்கெனத் தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

3. மோட்டாரின் சுழலியிலும் குழாய்களிலும் படியும் வெண்ணிறப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பே. அதை அமிலம் கரைக்கும். வினிகரும் நீரும் சம அளவு கலந்து, கழற்றிய பாகங்களை அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் பலமுறை அலசுங்கள்.

4. வடிகட்டியின் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நன்மை செய் நுண்ணுயிர்கள் அதில் வாழ்கின்றன. குழாய்நீரின் குளோரின் அவற்றை அழித்துவிடும்.

5. சோப்பும் சலவைத் தூளும் வேண்டா. எஞ்சிய நுரை மீனின் செவுள்களைக் கெடுக்கும்.

6. பிளீச் எனப்படும் வெளுப்பு நீர்மத்தை, நோயுற்ற மீன்கள் இருந்த வெறுந்தொட்டிக்கும் கருவிகளுக்கும் மட்டும், நன்கு நீர் கலந்து பயன்படுத்தலாம். பின்னர் மணம் முற்றிலும் நீங்கும்வரை அலசி, குளோரின் நீக்கி மருந்து கலந்த நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துங்கள்.

ஒருபோதும் கலக்காதீர்கள்

இரண்டையும் சேர்த்தால் அழுக்கு விரைவில் நீங்கும் என்றெண்ணி வினிகரையும் பிளீச்சையும் கலப்போர் உளர். அக்கலவையிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும். கழிவறை கழுவும் அமிலங்களோடு பிளீச்சைச் சேர்த்தாலும் அவ்வாறே. சாளரம் மூடிய குளியலறையில், ஆஸ்துமா உள்ளவருக்கு இது உயிருக்கே ஊறாகலாம். கண்ணெரிச்சலோ இருமலோ தோன்றினால் அனைத்தையும் அப்படியே விட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் உடனே அவசரப் பிரிவை நாடுங்கள்.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

கையில் தோன்றிய கட்டி இரண்டு வாரங்களில் ஆறவில்லையெனில், களிம்பு தடவிக் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். அவர் கேளாவிடினும் மீன் தொட்டி இருப்பதைக் கூறுங்கள். வழக்கமான உடல் வெப்பநிலையில் வைத்துச் சோதித்தால் இக்கிருமி வளராமற்போகலாம். முன்னரே அறிந்தால், ஆய்வகத்தார் குறைந்த வெப்பத்தில் வளர்த்துப் பார்ப்பர். நீங்கள் கூறும் அவ்வொரு சொல் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.