விஷ்ணுபுரம்: யார் கட்சி சரி?

கேள்வி: ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவல் மதப் பிரசாரம் என்கிறார் ஒரு நண்பர், மதத்தையே இடிக்கிறது என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்து?
– வாசகர், மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: 1997இல் நாவல் வெளிவந்ததிலிருந்தே நடக்கும் சண்டை இது. நான் இரண்டாமவர் பக்கம். மூன்று கருவறைகளை நிறைத்துப் படுத்திருக்கும் விஷ்ணு யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்பது அதன் விசித்திரமான மையக் கற்பனை. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி ஜெயமோகன் காட்டுவது பக்தியைவிட அதிகாரத்தையும் அதனடியில் நசுங்கும் மனிதர்களையும்தான். கடைசியில் அந்தக் கோயில் நகரமே பிரளயத்தில் அழிகிறது. பிரசாரகர் அப்படி எழுதமாட்டார். தத்துவ விவாதம் நிறைந்த 'கௌஸ்துபம்' பகுதி கடினம், அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் ஊர் வடபத்ரசாயி கோயில் கோபுரத்தைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு, கோயில் நகர வாழ்க்கையைக் காட்டும் முதல் பகுதியான 'ஸ்ரீபாதம்' மிக நெருக்கமாக இருக்கும். நண்பர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு அதிலிருந்து மறுபடி படியுங்கள்.