காணாத வெப்பக் கதிரும் நம் பாதங்களும்

கோடையில் கதிரவன் மறைந்த பின்பும், ரமணாசிரமம் அருகே கிரிவலப் பாதையோரப் பாறைக்குச் சற்றுத் தள்ளிக் கையை நீட்டினால் வெம்மை உறைக்கிறது. பாறையை நாம் தொடவில்லை, ஒளியும் தெரியவில்லை. அவ்வெம்மையின் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வந்து சேர்கிறது.

கதிர் பிறக்கும் விதம்

பாறையாயினும் தோலாயினும், எப்பொருளும் மின்னூட்டம் கொண்ட துகள்களால் ஆனது. வெப்பத்தால் அவை ஓயாது அதிர்கின்றன. மின்னூட்டம் அதிரும்போது அதனைச் சுற்றியுள்ள மின்புலம் மாறுகிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் தோற்றுவிக்கின்றன. இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று தாங்கி அலையாகப் பரவுகின்றன. மாக்ஸ்வெல் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கணித வழியில் விளக்கினார். அதிர்வு நொடிக்குப் பல இலட்சம் கோடி முறை நிகழுமாயின் அவ்வலையே அகச்சிவப்பு. சிவப்பு நிறத்திற்கு அப்பால் இத்தகைய கதிர் இருப்பதை 1800ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியால் கண்டறிந்திருந்தார்.

அசையாத காந்தத்தின் மாறாத காந்தப்புலம் இக்கதிரை உண்டாக்குவதில்லை. எனவே, காந்தப் பட்டையின் காந்தப்புலமே அகச்சிவப்புக் கதிரைத் தருகிறது என்பது பொருந்தாது.

மருத்துவமனையில்

நம் உடலும் இக்கதிரை வீசுகிறது. நெற்றியைத் தொடாமல் காய்ச்சல் பார்க்கும் கருவி அதனையே அளக்கிறது. இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உள்ள அகச்சிவப்பு விளக்கு, தசைவலியைத் தணிக்கத் தோலின் மேற்பகுதியைச் சூடாக்குகிறது.

கவனிக்க வேண்டியது

"சுட்டால் காலை எடுத்துவிடுவேன்" என்று பலர் கூறுவர். நீண்டகால நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்திற்குச் சூடு தெரியாது. காலை எடுக்கத் தோன்றாது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெயிலில் வெறுங்காலுடன் முடித்து, வீட்டில் காலைக் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் காண்பர். தரையைத் தொடுகையில் வெப்பம் நேராகவே பாதத்தினுள் பாய்கிறது. அப்புண் ஆறாவிடில் விரலையே இழக்க நேரலாம்.

ஆகவே உணர்ச்சி குறைந்த பாதமுடையோர்:

• வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்க்கவும். இயலாதெனில் மருத்துவரைக் கலந்து, தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் செல்லவும்.
• அகச்சிவப்பு விளக்கு, சுடுநீர்ப் பை ஆகியவற்றை வீட்டில் தாமாகப் பயன்படுத்த வேண்டா.
• நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கவும். குனிய இயலாதவர்க்கு உடனிருப்போர் உதவுக.
• கொப்புளம் கண்டால் உடைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வருக.

பாதம் உணராததைக் கண்ணே காக்க வேண்டும்.