உள்ளங்காலில் கறுப்புப் புள்ளியா? காட்டுங்கள்!



மலையில் கொழுந்தெடுக்கும் நாமும், கொக்கட்டிச்சோலை வயலில் சேறு மிதிக்கும் நம் மக்களும் கைகாலை நம்பியே பிழைக்கிறோம். முள்ளும் கல்லும் குத்துவது புதிதல்ல. ஆகவே உள்ளங்காலில் கறுப்பாகத் தெரிந்தால், "இரத்தம் கட்டியிருக்கு, தானாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் கலங்களில் உண்டாகும் புற்றுநோய். கறுத்த தோலுள்ள நமக்கு இது அரிது. வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். ஜமேய்க்காப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981 மே 11ஆந் திகதி, 36 வயதிலேயே காலமானார்.

டெர்மொஸ்கோப் என்றால் என்ன?

கையில் பிடிக்கும், வெளிச்சமுள்ள பூதக்கண்ணாடி. தோலைச் சுமார் 10 மடங்கு பெரிதாகக் காட்டும். வெட்டு, ஊசி, வலி எதுவுமில்லை. நம் உள்ளங்கால் ரேகைகள் வயலைப் போன்றவை. வரம்பும் உண்டு, வாய்க்காலும் உண்டு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் நிற்கும். மெலனோமாவின் நிறம் வரம்பின்மேல் படியும். சந்தேகம் வந்தால் தோலில் சிறு துண்டெடுத்துப் பரிசோதித்தே முடிவு சொல்வார்கள். மேல்தோலில் இருக்கும்போதே வெட்டியெடுத்தால் பெரும்பாலும் முழுச் சுகம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. புதிதாக வந்து பெருக்கும், ஓரம் கோணலான, பல நிறமுள்ள புள்ளி.
2. இரத்தம் கசியும் அல்லது ஆறாத புண்.
3. நகத்தில் அகன்றுகொண்டே போகும் கறுப்புக்கோடு. அந்நிறம் பக்கத்துத் தோலுக்கும் பரவுதல்.

நகக்கோடு எல்லாமே புற்றுநோய் அல்ல. பயப்பட வேண்டாம், ஆனால் காட்டாமல் இருக்கவும் வேண்டாம். பிளேட்டால் வெட்டாதீர்கள், சுடாதீர்கள்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். அங்கே பார்க்கக் காசில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

"ஒருநாள் பேர் போயிடுமே" என்று நினைக்கிறோம். ஒருநாள் பேரை மறுநாள் உழைத்து எடுக்கலாம். உயிரை எடுக்க முடியுமா?

மாதம் ஒருநாள், குளித்தபின், வீட்டில் ஒருவர் காலை ஒருவர் பார்ப்போம். கண் மங்கிய பெரியவர்களின் காலைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.