பள்ளிக் கணக்கும் விதை நெல்லும்

விதை நெல்லை உண்ணும் நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைக்கும் குடியானவரை நாம் கண்டதில்லை. கோட்டை கட்டித் தனியே வைப்பதே வழக்கம். ஆயின், கணினியில் கணக்கு வைக்கும் கல்வி நிலையங்கள் பல இவ்வெளிய முறையை மறந்துவிடுகின்றன. அதனால் விளையும் இடர் எத்தகையது என்பதை நெதர்லாந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்திற்கு நேர்ந்ததைக் கொண்டு அறியலாம்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அப்பல்கலைக்கழகத்திற்கு மின்னஞ்சலில் பொய்க்கடிதம் ஒன்று வந்தது. அதிலிருந்த இணைப்பை ஒருவர் திறந்தார். கள்வர் அவ்வழியே உட்புகுந்தனர். ஆனால் உடனே எதையும் தொடவில்லை. இரண்டு மாத காலம் ஓசையின்றி உலவி, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டனர். 2017-இல் செய்திருக்க வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்று சில கணினிகளில் விடுபட்டிருந்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில், 267 சர்வர்களிலிருந்த கோப்புகளைப் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு விலை கேட்டனர். நகல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இன்றியமையாத சில பகுதிகளின் நகல்கள் அதே இணைப்பில் இருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன.

இறுதியில் 30 பிட்காயின், அதாவது ஏறத்தாழ 2 லட்சம் யூரோ, கொடுத்தே மீண்டனர். கொடுத்தது முறையா? கொடுக்கும் பணம் அடுத்த களவுக்கு எருவாகும் என்பதே நம் கருத்து. ஆயினும், மாணவர் தேர்வும் ஆராய்ச்சியாளரின் பல்லாண்டு உழைப்பும் அழியும் நிலையில் நின்றவரைத் தூற்ற நமக்கு மனம் வரவில்லை. நடந்ததை மறைக்காமல் 2020 பிப்ரவரியில் அவர்களே வெளியிட்டதும் பாராட்டத்தக்கது. பின்னர்ப் பணத்தில் ஒரு பகுதியைப் போலீசார் மீட்டனர். நாணயத்தின் விலை ஏறியிருந்தமையால் 2022-இல் அப்பகுதியே சுமார் 5 லட்சம் யூரோ மதிப்புப் பெற்றிருந்தது! அதை ஏழை மாணவர் உதவிக்கென ஒதுக்கினர். இத்தகைய நல்லூழ் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பள்ளியைப் பார்வையிடச் செல்லுங்கால், கூரை ஒழுகுகிறதா என்று கேட்பதுடன் மாணவர் விவரங்களின் நகல் எங்குள்ளது என்றும் கேட்டல் நலம். கணினியிலேயே செருகிக் கிடக்கும் ஹார்டு டிஸ்க் தனி நகல் ஆகாது. நகல் எடுத்தபின் கழற்றிப் பீரோவில் பூட்டி வைத்தல் வேண்டும். பருவத்திற்கு ஒருமுறை அதைத் திறந்து, கோப்புகள் சரிவரப் படிக்கக் கிடைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். விதைக்கும் முன் சில மணிகளை ஈரத்துணியில் முடிந்து முளைப்பைச் சோதிக்கிறோம் அல்லவா, அதுபோலவே இதுவும்.